அபார்ட்மென்ட் சங்கச் செயற்குழுவும் ஆளுமை வகைகளும்: ஓர் எளிய அறிமுகம்

சென்னையிலோ கோவையிலோ ஐம்பது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் சங்கத்தின் செயற்குழுவில் தலைவர், செயலாளர், பொருளாளர், நான்கு உறுப்பினர்கள் என 7 பேர் இருப்பார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் அவரவர் வேலை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அசோசியேஷன் அறையிலோ கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டோ கூட்டம். தண்ணீர் லாரி, லிஃப்ட் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), செக்யூரிட்டி ஏஜென்சி பில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டார், மெயின்டனன்ஸ் கட்டாத வீடுகள் என்று பட்டியல் நீளும்.

இந்தக் கூட்டங்களில் எழும் மனக்கசப்பை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாருக்கும் நோக்கம் ஒன்றுதான்: கட்டடம் நன்றாக இருக்க வேண்டும், காசு வீணாகக் கூடாது. உரசல் வருவது வேலை செய்யும் விதத்தில். ஒருவர் "இன்னைக்கே முடிவு பண்ணிடலாம்" என்பார். இன்னொருவர் "இன்னும் ஒரு கொட்டேஷன் வாங்கலாமே" என்பார். முதலாமவருக்கு இரண்டாமவர் இழுத்தடிப்பவராகத் தெரிகிறார். இரண்டாமவருக்கு முதலாமவர் அவசரக்காரராகத் தெரிகிறார். நாலைந்து மாதத்தில் அது "அவருக்கு அந்தக் கான்ட்ராக்டரோட ஏதோ இருக்கு" என்ற சந்தேகமாக முற்றிவிடும். இதை முளையிலேயே அடையாளம் காண ஆளுமை வகைகள் கைகொடுக்கும். ஆனால் அளவறிந்து பயன்படுத்த வேண்டும்.

அலுவலகத்தில் மேலாளர் ஒருவர் இருப்பார், சம்பளம் இருக்கும், பிடிக்காவிட்டாலும் வேலை நடக்கும். தன்னார்வக் குழுவில் அந்தப் பிடிமானம் எதுவும் இல்லை. மனம் நொந்தவர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். ஆனால் சங்கத்தின் கடமைகள் விலகாது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கமென்றால், ஆண்டுப் பொதுக்குழுவை நடத்தியாக வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்து பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். ஆள் குறைந்தால் மிச்சமிருக்கும் மூன்று பேர் தலையில்தான் எல்லாம் விழும். அதனால்தான் இருக்கிற ஆட்களை மனக்கசப்பில்லாமல் தக்கவைத்துக்கொள்வது இங்கே அலுவலகத்தைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

நான்கு இணைகள்

ஆளுமை வகைகளில் பரவலாகத் தெரிந்தது மையர்ஸ்-பிரிக்ஸ் முறை, சுருக்கமாக எம்பிடிஐ. சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் மனித மனப்போக்குகளை வகைப்படுத்தி எழுதினார். அதை அடித்தளமாகக் கொண்டு அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். நான்கு இணைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம், ஆக 16 வகை. அந்த 16-ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செயற்குழு வேலைக்கு நான்கு இணைகளும் புரிந்தால் போதும்.

முதல் இணை எக்ஸ்ட்ரோவெர்ட், இன்ட்ரோவெர்ட். கலகலப்பானவர், கூச்சக்காரர் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. கூட்டத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: ஒருவர் பேசிக்கொண்டே யோசிப்பார், மற்றவர் யோசித்த பிறகே பேசுவார். பேசிக்கொண்டே யோசிப்பவர் முதலில் சொல்வது அவருடைய முடிவு அல்ல, ஒத்திகை. ஐந்து நிமிடம் கழித்து அவரே மாற்றிச் சொல்வார். யோசித்துப் பேசுபவரோ அந்த முதல் பேச்சை முடிவென்று நினைத்து, "சரி, தீர்மானம் ஆயிடுச்சு போல" என்று வாயை மூடிக்கொள்வார். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய், இரவு பதினொன்றரைக்குச் செயலாளருக்குத் தனியாக நீளமான ஒரு செய்தி அனுப்புவார். அதில் உள்ள கருத்து பல நேரம் கூட்டத்தில் வந்த எல்லாவற்றையும்விடச் சிறந்ததாக இருக்கும். ஆனால் தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறியிருக்கும். மறுபடி பேச்செடுத்தால் "கூட்டத்துல ஏன் சொல்லல?" என்று கேட்பார்கள். இந்த ஓர் உரசலைச் சரிசெய்தாலே பாதிச் சிக்கல் தீரும். வழி கீழே வருகிறது.

இரண்டாவது இணை, எதை முதலில் கவனிக்கிறார் என்பது. சிலருக்கு முதலில் கண்ணில் படுவது விவரம்: போன மாதம் எத்தனை லாரி தண்ணீர் வந்தது, ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் போனது. சிலருக்கு முதலில் தோன்றுவது சாத்தியம்: மழைநீர் சேகரிப்பைச் சீரமைத்தால் லாரியே தேவைப்படாதே. முன்னவர் பேச்சு பின்னவருக்குச் சில்லறையாகத் தெரியும். பின்னவர் பேச்சு முன்னவருக்கு ஆகாயக் கோட்டையாகத் தெரியும்.

மூன்றாவது, முடிவை எதைக் கொண்டு உரசிப் பார்க்கிறார் என்பது. ஒருவருக்கு விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று மாதம் மெயின்டனன்ஸ் கட்டாவிட்டால் அபராதம், அவ்வளவுதான். இன்னொருவர் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பார்: வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இரண்டு மாதம் பொறுப்போம். இருவரும் நியாயத்தைத்தான் பேசுகிறார்கள். இதில் முதலாமவரைக் கல்நெஞ்சக்காரர் என்றோ இரண்டாமவரை இளகிய மனசுக்காரர், நிர்வாகத்துக்கு லாயக்கில்லை என்றோ முத்திரை குத்திவிட்டால் அந்தக் குழு தேறாது.

நான்காவது, முன்பே பார்த்த இழுபறி. சிலருக்கு ஒரு விஷயம் முடிவாகிவிட்டால்தான் நிம்மதி. சிலருக்குக் கடைசிவரை வழி திறந்திருந்தால்தான் நிம்மதி. முதல் வகைக்காரர் லிஃப்ட் ஏஎம்சி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கச் சொல்வார். இரண்டாம் வகைக்காரர் கடைசி வாரத்தில்தான் சூடுபிடிப்பார். ஆனால் அந்த ஒரு வாரத்தில் நான்கு நிறுவனங்களிடம் பேசி விலையையும் குறைத்துவிடுவார். இந்த இரண்டில் ஒருவகை ஆட்கள் மட்டுமே உள்ள குழு, ஒன்று அவசரத்தில் அதிக விலை கொடுக்கும், இல்லையென்றால் ஏஎம்சி காலாவதியான பிறகு லிஃப்ட் நின்று போய்த் தவிக்கும்.

எந்த அளவுக்கு நம்பலாம்?

அளவோடுதான். உளவியல் ஆய்வாளர்கள் எம்பிடிஐ மீது நெடுங்காலமாகச் சொல்லும் குறைகள் இரண்டு. ஒன்று, மனிதர்கள் இரண்டு பெட்டியாகப் பிரிவதில்லை. பெரும்பாலானவர்களின் மதிப்பெண் நடுவில்தான் குவிகிறது. 51-உம் 49-உம் எதிரெதிர் பெட்டிகளுக்குப் போய்விடுகின்றன. அதன் விளைவாக வருவது இரண்டாவது குறை: அதே ஆள் சில வாரம் கழித்து மீண்டும் எழுதினால் வேறு வகை வருவது சகஜம். டேவிட் பிட்டெங்கர் என்ற ஆய்வாளர் 1993-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஐந்து வார இடைவெளியிலேயே பாதிப் பேர் வரை வேறு வகைக்கு மாறக்கூடும் என்று எழுதினார்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, "உங்களுக்கான தனிப்பட்ட அறிக்கை" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாருக்கும் கொடுத்தது ஒரே வாசகம்தான். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட மதிப்பெண் சராசரியாக 5-க்கு 4-க்கும் மேல். இணையத்தில் இலவசத் தேர்வு எழுதிவிட்டு "அப்படியே என்னைச் சொல்லுது!" என்று வியக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வாளர்கள் இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது ஐம்பண்பு அளவீடு. புதியதை நாடுதல், பொறுப்புணர்வு, புறநோக்கு, இணக்கம், மனப்பதற்றம் என ஐந்து பண்புகள். இதில் பெட்டிகள் கிடையாது. ஒவ்வொன்றும் குறைவிலிருந்து அதிகம்வரை செல்லும் அளவுகோல். அறிவியல்படி இதுவே உறுதியானது. ஆனால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடியிருக்கும் அறையில் "உங்களுக்குப் பொறுப்புணர்வு குறைவு, மனப்பதற்றம் அதிகம்" என்று ஒரு தாளை நீட்ட முடியுமா? அதில் உயர்வு தாழ்வு ஒட்டியிருக்கிறது. எம்பிடிஐயின் நான்கு இணைகளில் இரண்டு பக்கமும் மரியாதையாக இருக்கின்றன. ஆகவே அளவெடுக்கும் கருவியாக அதை எடுத்துக்கொள்ளாமல், மனம் புண்படாமல் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழியாக எடுத்துக்கொள்வதே பொருத்தம். தேர்வு எழுதவும் வேண்டாம், வகையைக் குறிக்கும் நான்கெழுத்துப் பட்டமும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வகையை வைத்து யாருக்கும் பதவி கொடுக்கவோ மறுக்கவோ கூடாது. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எம்பிடிஐயை விற்கும் நிறுவனமே சொல்கிறது.

யார் எந்த வேலையை இயல்பாகச் செய்கிறார்?

வகையைவிடச் செயற்குழுவுக்கு அதிகம் பயன்படுவது, குழுப்பங்கு என்ற பார்வை. இங்கிலாந்தில் மெரிடித் பெல்பின் என்பவர் ஹென்லி மேலாண்மைக் கல்லூரியில் பல ஆண்டுகள் குழுக்களைப் போட்டி விளையாட வைத்து ஆராய்ந்து, 1981-இல் முடிவுகளை வெளியிட்டார். மிகவும் கெட்டிக்காரர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்த குழுக்கள் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அவை பெரும்பாலும் பின்தங்கின. ஒருவர் யோசனையில் மற்றவர் ஓட்டை கண்டுபிடிப்பதிலேயே நேரம் போனது. வெவ்வேறு பங்குகள் கலந்திருந்த குழுக்கள் முன்னுக்கு வந்தன.

இப்போது ஒன்பது பங்குகளைச் சொல்கிறார்கள். புது யோசனை விதைப்பவர், வெளியில் ஆள் பிடித்து விலை விசாரிப்பவர், எல்லாரையும் ஒருங்கிணைப்பவர், உந்தித் தள்ளுபவர், நிதானமாக எடைபோடுபவர், சண்டை வராமல் இணக்கம் காப்பவர், திட்டத்தைக் களத்தில் செயல்படுத்துபவர், கடைசி முடிச்சுவரை முடித்துவைப்பவர், ஒரு துறையை ஆழமாக அறிந்தவர். ஒருவரே இரண்டு மூன்று பங்குகளை ஏற்கலாம், ஆகவே 9 பேர் தேவையில்லை.

அபார்ட்மென்ட் செயற்குழுக்களில் யோசனை விதைப்பவருக்கும் உந்தித் தள்ளுபவருக்கும் பொதுவாகப் பஞ்சமில்லை. பொதுக்குழுவில் எழுந்து நன்றாகப் பேசுகிறவர்களைத்தானே தேர்ந்தெடுக்கிறோம். இல்லாமல் போவது முடித்துவைப்பவர். அவர் இல்லாத குழுவை அதன் கோப்புகளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்காது. பெயின்டருக்குக் கடைசித் தவணை கொடுத்திருப்பார்கள், உத்தரவாதக் கடிதம் வாங்கியிருக்க மாட்டார்கள். வங்கியில் கையெழுத்து மாற்றும் படிவம் பழைய பொருளாளர் வீட்டு டிராயரில் தூங்கும். சம்ப் கழுவிய தேதி எங்கும் எழுதியிருக்காது. ஆகவே குழுவின் முதல் கூட்டத்திலேயே "நம்மில் யாருக்கு அரைகுறையாகக் கிடப்பதைப் பார்த்தால் பொறுக்காது?" என்று கேளுங்கள். ஒருவர் கை தூக்கினால் அவரிடம் மினிட்ஸையும் காலக்கெடு அட்டவணையையும் கொடுங்கள். சங்க விதிகளில் அது செயலாளர் பொறுப்பென்றால் அவருக்கு உதவியாளராக அமர்த்துங்கள். யாருமே கை தூக்காவிட்டால் ஒவ்வொரு கூட்டத்தின் கடைசி 10 நிமிடத்தை "முடியாதவை" என்று ஒதுக்கி, எல்லாரும் சேர்ந்து அந்த வேலையைச் செய்ய வேண்டியதுதான்.

ஒன்றரை மணி நேரப் பயிற்சி

பதவியேற்ற முதல் மாதத்தில், வழக்கமான கூட்டத்தோடு கலக்காமல் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 90 நிமிடம் ஒதுக்குங்கள். முடிந்தால் குழுவில் இல்லாத, எல்லாரும் மதிக்கிற ஒருவர் நடத்தட்டும். தலைவர் நடத்தினால் அவர் தன்னைப் பற்றி உள்ளபடி பேச முடியாது. மற்றவர்களும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம், அவர் உட்கார்ந்து கேட்டால் போதும்.

முதல் 15 நிமிடத்தில் நான்கு இணைகளையும் மேலே சொன்னதுபோல் கூட்ட உதாரணங்களோடு விளக்குங்கள். அடுத்த 15 நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஆளுக்கொரு தாளில் நான்கு கேள்விகளுக்கு எழுதட்டும்: ஒரு விஷயத்தில் கருத்துச் சொல்ல எனக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும்? முடிவெடுக்கும் முன் எனக்கு எது கையில் இருக்க வேண்டும்? கூட்டத்தில் எது நடந்தால் எனக்கு எரிச்சல் வரும்? இந்தக் குழுவில் எந்த வேலையை யாரும் சொல்லாமலே நான் எடுத்துச் செய்வேன்?

பிறகு ஆளுக்கு 5 நிமிடமாகச் சுற்றிவருவது. 7 பேர் என்றால் 35 நிமிடம். இதில் விதி ஒன்றே ஒன்று, அதை விட்டுக்கொடுக்காதீர்கள்: தன்னைப் பற்றி மட்டுமே சொல்லலாம். "நான் அப்படி, ஆனா சார் இருக்காரே, அவர் எப்பவும்..." என்று ஆரம்பித்தால் நடத்துபவர் அங்கேயே நிறுத்த வேண்டும். இந்த விதி ஒருமுறை உடைந்தால் பயிற்சி பஞ்சாயத்தாகிவிடும்.

மீதமுள்ள 25 நிமிடத்தில், கேட்டதை வைத்து மூன்று நடைமுறை மாற்றங்களைத் தீர்மானியுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். பத்து எழுதினால் பத்தும் இரண்டே மாதத்தில் மறந்துபோகும். தாள்களை அவரவரே வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். படம் பிடித்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடவே கூடாது.

எந்த மூன்று? பெரும்பாலான குழுக்களுக்கு ஒத்துவருபவை இவை. கூட்டப்பொருள் பட்டியலைக் கொட்டேஷன்களோடு 3 நாள் முன்பே அனுப்புவது. செலவு சம்பந்தமான எந்த விஷயத்திலும் பேச்சைத் தொடங்கும் முன் 3 நிமிடம் எல்லாரும் அமைதியாகத் தம் கருத்தை ஒரு வரியில் எழுதி, பிறகு வரிசையாகப் படிப்பது. தலைவர் கடைசியாகத்தான் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவை முதல் கூட்டத்தில் விவாதித்து, ஒரு வாரத்துக்குள் இரண்டாவது கூட்டத்தில் முடிவெடுப்பது. அந்தத் தொகையை ஐம்பது வீட்டுச் சங்கம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாத வரவைப் பார்த்து மாற்றுங்கள். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொள்வது, மோட்டார் எரிந்துபோவது போன்ற அவசரங்களுக்கு இந்த விதி பொருந்தாது என்றும், அப்போது எந்த இருவர் சேர்ந்து முடிவெடுக்கலாம் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அந்த 3 நிமிட அமைதி முதல் இரண்டு கூட்டங்களில் சங்கடமாகத்தான் இருக்கும். யாராவது கிண்டல் செய்வார்கள். விடாதீர்கள். கூட்டாகப் பேசி யோசனை தேடும்போது ஒருவர் பேச மற்றவர்கள் காத்திருப்பதிலேயே பல யோசனைகள் கரைந்துபோகின்றன என்று மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற உளவியலாளர்கள் 1987-இல் சோதனைகள் மூலம் காட்டினார்கள். தனித்தனியாக எழுதிவிட்டுப் பிறகு கூடிப் பேசினால் அதிக யோசனைகள் கிடைக்கின்றன. யோசித்துப் பேசுபவருக்கு மட்டும் செய்யும் சலுகை அல்ல இது, குழுவுக்கே லாபம்.

வெளிப்புறப் பெயின்டிங்: ஓர் உதாரணம்

பெயின்டிங்கைவிட ஒரு செயற்குழுவைச் சோதிக்கும் வேலை குறைவு. தொகை பெரிது, எல்லார் கண்ணிலும் படும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் முடித்தாக வேண்டும். ஜூன் மாதக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முடித்துவிட்டால் நிம்மதி என்னும் செயலாளர், "மூணு கொட்டேஷன் வந்திருக்கு, நடுவுல இருக்கறதை எடுத்துக்கலாம், மழை வந்துடும்" என்கிறார். அவர் சொல்லும் காலக்கெடு உண்மை. விவரம் பார்க்கும் பொருளாளர் மூன்று தாள்களையும் புரட்டிவிட்டு, ஒன்றில் சதுர அடிக் கணக்கில் ஜன்னல் இடம் கழிக்கப்படவில்லை, ஒன்றில் விரிசல் அடைப்பது சேரவில்லை, மூன்றாவதில் பிரைமர் இல்லை என்கிறார். அதாவது மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைக்கான விலை, ஒப்பிடவே முடியாது. சாத்தியம் பார்க்கும் உறுப்பினர், "சாரம் கட்டும்போதே மொட்டைமாடி வாட்டர்புரூஃபிங்கும் வெளிக் குழாய்களும் பார்த்துட்டா இன்னொரு தடவை சாரச் செலவு மிச்சம்" என்கிறார். விதியைவிட ஆளின் நிலையைப் பார்ப்பவர், தனி வசூல் வீட்டுக்கு இருபதாயிரம் என்றால் ஓய்வூதியத்தில் வாழும் இரண்டு வீட்டார் ஒரே தவணையில் கட்ட முடியாது என்கிறார்.

நடைமுறை இல்லாத குழுவில் இந்த நால்வரும் ஒருவரையொருவர் தடைக்கல்லாக நினைப்பார்கள். உண்மையில் நான்கும் ஒரே ஒப்பந்தத்துக்குத் தேவையான நான்கு பக்கங்கள். வரிசையைச் சரிசெய்தால் போதும். முதல் கூட்டத்தில் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். என்னென்ன வேலை என்ற பட்டியலை மட்டும் முடிவு செய்யுங்கள். சாத்தியம் பார்ப்பவருக்கு இங்கே 20 நிமிடம் முழு இடம். பட்டியல் பூட்டப்பட்டதும் அவர் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. அதை அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். பொருளாளர் அந்தப் பட்டியலை ஒரே படிவமாக்கி மூன்று கான்ட்ராக்டர்களுக்கும் அனுப்புகிறார்: அளந்த சதுர அடி, கழுவுதல், விரிசல் அடைத்தல், ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் பெயின்ட், சாரம், ஜிஎஸ்டி, உத்தரவாத ஆண்டு, தனித்தனி வரியில். ஆளைப் பார்ப்பவர் அந்த வாரத்திலேயே தவணைத் திட்டம் எழுதுகிறார். செயலாளர் பின்னோக்கி எண்ணித் தேதிகள் குறிக்கிறார்: செப்டம்பர் 20-க்குள் வேலை முடிய வேண்டும், 7 வாரம் ஆகும் என்றால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் சாரம் ஏற வேண்டும், ஆகவே ஜூலை 10-க்குள் பொதுக்குழு ஒப்புதல்.

இரண்டாவது கூட்டத்தில்தான் விலை. அப்போது யாரும் யாரையும் இழுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. இங்கே யாருடைய குணமும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவர் குணமும் பயன்படும் வேளை எது என்று மட்டும் தீர்மானித்திருக்கிறோம்.

எங்கே தவறு நடக்கும்

மிகப் பெரிய தவறு, சூழ்நிலையைக் குணமென்று நினைப்பது. கூட்டத்தில் ஒருவர் பேசாமல் இருக்கிறார். உடனே இன்ட்ரோவெர்ட் என்று முடிவுகட்டிவிடுகிறோம். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் ஓடுவதால் அவர் ஒதுங்கியிருக்கலாம். எதிரே ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி உட்கார்ந்திருக்க, முப்பது வயதுக்காரர் மரியாதைக்காக அடங்கியிருக்கலாம். குழுவில் ஒரே பெண்ணாக இருக்கலாம். இரண்டு முறை பேச்சை வெட்டிய பிறகு மூன்றாம் முறை எதற்கு வாய் திறப்பது என்று நினைத்திருக்கலாம். காலையில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவராகக்கூட இருக்கலாம். இவை எதற்கும் ஆளுமை வகை மருந்தாகாது. கூட்டத்தைத் தமிழில் நடத்துவது, பேச்சை வெட்டுபவரைத் தலைவர் தடுப்பது, நேரத்தை மாற்றுவது இவைதான் தீர்வு. ஒருவரை வகைப்படுத்தும் முன் இவை எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது, வகை சாக்காக மாறுவது. "நான் கடைசி நேரத்துலதான் வேலை செய்வேன், என் டைப் அப்படி" என்று சொல்லிப் பொருளாளர் கணக்கைத் தணிக்கையாளரிடம் கொடுக்காமல் இருந்தால் அதைக் குழு ஏற்கக் கூடாது. வேலை செய்யும் விதம் அவர் விருப்பம். காலக்கெடு சங்கத்தின் கடமை. அவருக்கு உதவ வேண்டுமானால் ஒரு பெரிய கெடுவை மூன்று சின்னக் கெடுக்களாக்குங்கள்: 5-ஆம் தேதி பில் எல்லாம் ஒரு கோப்பில், 12-ஆம் தேதி வங்கி அறிக்கையோடு சரிபார்ப்பு, 20-ஆம் தேதி தணிக்கையாளரிடம்.

வகை ஆயுதமாக மாறுவதும் உண்டு. "அவங்க ரொம்ப எமோஷனல் டைப்" என்று ஒருவர் கருத்தைத் தள்ளிவிடுவது. குறிப்பாகப் பெண்களின் கருத்துக்கு இது அடிக்கடி நடக்கிறது. மறுக்க வேண்டுமானால் கருத்தை மறுக்கட்டும். ஆளின் வகையைச் சொல்லி எந்த வாதத்தையும் முடிக்கக் கூடாது என்பதைப் பயிற்சி நாளிலேயே சொல்லிவிடுங்கள். அதேபோல, அழகாக எழுதுகிறார் என்று மினிட்ஸ் எழுதும் வேலையை எப்போதும் ஒரே பெண் உறுப்பினர் தலையில் கட்டுவதற்கும் "அவங்க டீட்டெயில் பார்ப்பாங்க" என்பது காரணமாகாது. அவர் விரும்பிக் கேட்டால் மட்டுமே.

கடைசியாக, ஆளுமை வகையால் தீராத சண்டைகள் இருக்கின்றன. ஒருவர் தன் உறவினருக்கு ஒப்பந்தம் வாங்கித்தரப் பார்த்தால் அது குணவேறுபாடு அல்ல, ஆதாய முரண். அவர் அந்த விவாதத்திலிருந்து விலகியிருக்க வேண்டும், அதை மினிட்ஸில் எழுத வேண்டும். ஒருவர் வாட்ச்மேனையும் துப்புரவுப் பணியாளரையும் தொடர்ந்து திட்டினால் அதற்கு வகைவிளக்கம் தேடாதீர்கள், நேரடியாகக் கண்டியுங்கள். 2007-இல் சூசன் பெல் என்ற ஆய்வாளர் பல குழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நிஜ வேலையிடக் குழுக்களில் இணக்கம் மிகக் குறைவாக உள்ள ஒரே ஓர் உறுப்பினரின் அளவுகூட முழுக் குழுவின் செயல்பாட்டோடு தொடர்புடையதாக இருந்தது. மற்ற ஆறு பேர் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், அந்த ஒருவரின் நடத்தையை யாரும் பேசாமல் விட்டால் விலை எல்லாருக்கும்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு கூட்டத்தில் 15 நிமிடம் ஒதுக்கி, எடுத்த மூன்று மாற்றங்களையும் சரிபாருங்கள். பார்க்க வேண்டியவை எளியவை: கூட்டப்பொருள் பட்டியல் 3 நாள் முன்பே போனதா, கூட்டம் முடிந்த பிறகு தனிச்செய்தியாக வரும் ஆட்சேபங்கள் குறைந்தனவா, "முடியாதவை" பட்டியல் சுருங்கியதா. பயன்படாததை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேருங்கள். அடுத்த பொதுக்குழுவில் புதிய குழு வந்ததும், யார் எப்படிப்பட்டவர் என்ற பேச்சைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டாம். புதியவர்கள் தங்கள் பயிற்சியைத் தாங்களே செய்துகொள்ளட்டும். பழைய செயலாளர் புதியவரிடம் கொடுக்க வேண்டியவை கூட்ட நடைமுறைகள் எழுதிய ஒரு பக்கம், காலக்கெடு அட்டவணை, மினிட்ஸ் புத்தகம், அலமாரிச் சாவி.